மே இருபத்தொன்பதாம் தேதித் தாள்

பாறைநத்தத்துக்குச் சரித்திரம் வர ஆரம்பித்தது ஒரு ஜனவரி மாதத்தில். வந்தது என்றால் புத்தகத்திலோ சினிமாவிலோ வரவில்லை, காலையில் பால்காரர் வந்துபோன கையோடு மெயின் ரோட்டிலிருந்து இறங்கிக் கால்நடையாகவே வந்தது. சிவகாசியிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் வருகிற அந்த ஊரில் நானூறு வீடு, ஒரு தபாலாபீஸ், ஒரு கல்யாண மண்டபம், மாடத்தி அச்சகம் என்று ஒரே ஒரு காலண்டர் ஆபீஸ். அங்கே அடிக்கிற தினசரி காலண்டர்தான் நானூறு வீட்டுச் சுவரிலும் தொங்கும், ஏனென்றால் அது ஓசி. ஒவ்வொரு தாளிலும் நடுவில் தேதி பெரிதாக இருக்கும், அதைச் சுற்றி நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், சூலம், பன்னிரண்டு ராசிக்கும் ஆளுக்கொரு சொல் பலன் எல்லாம் ஈ மொய்த்த மாதிரி இருக்கும், எல்லாவற்றுக்கும் அடியில் விளிம்பை ஒட்டி ‘இந்நாளில் அன்று’ என்று ஒரே ஒரு வரி இருக்கும். உலகத்தில் முன்னொரு காலத்தில் அதே தேதியில் என்ன நடந்தது என்று சொல்கிற வரி அது. அதைப் பத்தொன்பது வருஷமாக எழுதிவந்தவர் சுயம்புலிங்கம், ஐம்பத்தாறு வயது, அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். அந்த வரியை ஊரில் படித்த ஒரே ஆளும் அவர்தான்.

அந்த வருஷம் என்ன ஆயிற்றென்றால், காலையில் யாராவது ஒருவர் முந்தின நாள் தாளைக் கிழித்துப் புதுத் தேதி வெளியே தெரிந்ததும், அதன் அடியில் போட்டிருந்தது ஊருக்குள் வந்துவிடும், பொழுது சாய்ந்ததும் போய்விடும். ஏன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. புதுக் கம்பெனி மை வாங்கினோமே, அதுதான் என்று மெஷின்காரர் சொன்னார், அம்மனுக்கு இரண்டு வருஷமாகக் கொடைத் திருவிழா நடக்கவில்லையே, அதுதான் என்று பூசாரி சொன்னார், ஊர் இரண்டையும் ஒப்புக்கொண்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டது.

முதல் மூன்று வாரம் வந்ததெல்லாம் உடன்படிக்கைகள். கோட்டுப் போட்ட மனிதர்கள் கூட்டமாக வந்து, பிள்ளையார் கோயில் முன்னால் மேஜை போட்டு, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். வரி அதிகாரிகள் என்று நினைத்துக் கடைக்காரர்கள் ஷட்டரை இறக்கினார்கள். ஜனவரி இருபத்துநாலாம் தேதி கலிபோர்னியாவில் தங்கம் கண்டுபிடித்தவர்கள் வந்தார்கள். தாடியும் சேறு படிந்த பூட்ஸுமாக ஐம்பது அறுபது பேர், யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் கீழத்தெருவை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தோண்டித் தள்ளினார்கள். அந்தத் தெருவுக்குச் சாக்கடை கேட்டு ஊர் பதினோரு வருஷமாக மனுக் கொடுத்துவந்தது. பஞ்சாயத்துத் தலைவர் ஓடிப்போய்ச் சிமெண்டுக் குழாயை இறக்கி, அவர்கள் தோண்டத் தோண்டப் பதித்து, அவர்கள் மறைந்ததும் மண்ணைத் தள்ளி மூடி, மறுநாளே தன் பெயரில் கல்வெட்டும் வைத்துவிட்டார். அந்த மறுநாள்தான் டீக்கடையில் வடை மடித்துக் கொடுத்த பழைய தாளைப் பார்த்த ஒருவர், அடியில் இருந்த வரியை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, எண்ணெய்க் கையோடு சுயம்புலிங்கத்தைத் தேடிக்கொண்டு அச்சகத்துக்கு வந்தார்.

அதற்குப் பிறகு ஊரே கடைசி வரியிலிருந்துதான் தாளைப் படித்தது. மார்ச் பத்தாம் தேதி உலகத்தின் முதல் தொலைபேசி அழைப்பு வந்தது. சார்ஜ் போய்க் கிடந்த போன் உட்பட ஊரிலிருந்த அத்தனை போனும் ஒரே நேரத்தில் அடிக்க, எடுத்தால் கரகரப்பான ஒரு குரல், பாஷை புரியாவிட்டாலும் ‘வா, உன்னைப் பார்க்கணும்’ என்று கூப்பிடுவது எல்லாருக்கும் புரிந்தது. கூப்பிட்டது யாரென்று தெரியாததால் அவரவர் மனசில் யார் இருந்தார்களோ அவர் வீட்டுக்குப் போனார்கள். வரப்புத் தகராறில் ஒன்பது வருஷமாகப் பேசாத அண்ணனும் தம்பியும் நடுவழியில் சந்தித்து, நீதான் கூப்பிட்டாய், இல்லை நீதான் என்று அதற்கும் ஒரு சண்டை போட்டுவிட்டு, சேர்ந்து போய் டீ குடித்தார்கள். ஏப்ரல் ஆறாம் தேதி, தண்டிக் கடற்கரையில் உப்பு எடுத்த நாளில், ஆள் யாரும் வரவில்லை, தெரு முழுக்க உப்பு மட்டும் பூத்திருந்தது, பெண்கள் அதைத் துடைப்பத்தால் கூட்டி அள்ளி அந்த வருஷத்து மாங்காய் பூராவையும் ஊறுகாய் போட்டார்கள்.

சுயம்புலிங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. பத்தொன்பது வருஷம் தம்முடைய வரி கிழிபட்டு வடை மடிக்கப் போனதைப் பார்த்தவருக்கு, இப்போது டீக்கடையில் தனியாக ஒரு நாற்காலி. காது குத்து வைப்பவர், கிணறு வெட்டுகிறவர், மொட்டை போடுகிறவர் எல்லாரும் முதலில் ஜோசியரிடம் போய் நாள் பார்த்துவிட்டு, பிறகு இவரிடம் வந்து, அன்றைக்கு என்ன வருது அண்ணாச்சி என்று கேட்டார்கள். அவர் உடனே சொல்ல மாட்டார். கண்ணை மூடுவார், விரலை மடக்குவார், வேண்டுமென்றே கொஞ்சம் இருமுவார். வீட்டில் காலண்டர் தொங்குகிறது, தாளைத் தூக்கிப் பார்த்தால் யாருக்கும் தெரியும், ஆனால் ஊர் மரியாதைக்காகத் தூக்கிப் பார்க்காமல் வந்து கேட்டது. அந்த மரியாதையைத் தம்முடைய ஞாபக சக்திக்குக் கிடைத்தது என்று எடுத்துக்கொண்டார், பாவம். பார்க்கிற வேலை பிழை திருத்துவது, தன் பிழை மட்டும் கண்ணில் படாது என்று அவருடைய மனைவி ஜெயக்கொடி அடுப்படியிலிருந்தே சொல்லிக் காட்டுவாள்.

அந்தப் பெருமை ஏப்ரல் பதினைந்தாம் தேதியோடு இறங்கிப்போனது. டைட்டானிக் கப்பல் மூழ்கிய நாள். நூற்றுமூன்று டிகிரி வெயில் அடிக்கிற பாறைநத்தத்துக்குள், தலையிலிருந்து கால்வரை நனைந்து, உதடு நீலம் பாரித்து, பல் கிடுகிடுக்க எழுநூறு பேர் வந்து நின்றார்கள். ஊர் ஒன்றும் யோசிக்கவில்லை, தீப்பெட்டிக் குச்சி காயப்போடுகிற களத்தைக் காலி பண்ணி அவர்களை உட்காரவைத்தது, கம்பளி கிடைக்காத வீட்டிலிருந்து சாக்கு வந்தது, சுக்குக் காப்பி அண்டா அண்டாவாக வந்தது. அவர்கள் வெயிலில் உட்கார்ந்தும் நடுங்கினார்கள். தபாலாபீஸில் வேலை பார்க்கிற சுயம்புலிங்கத்தின் மகள் முத்துநகை, அவர்களில் எழுதத் தெரிந்தவர்களுக்கெல்லாம் உள்நாட்டுக் கடிதம் கொடுத்து, அவர்கள் எழுதிக் கொடுத்ததையெல்லாம் வாங்கி, எங்கே போய்ச் சேரும் என்று கேட்காமல் முத்திரை குத்திப் பையில் போட்டுக் கட்டினாள். அன்றைக்குத்தான் அவள் வீட்டுக்கு வந்ததும் தகப்பனிடம் கேட்டாள், உலகத்தில் அதே தேதியில் நல்லது ஒன்றும் நடக்கவே இல்லையா, இதைத்தான் எழுதக் கிடைத்ததா என்று.

நடந்திருந்தது. எல்லாத் தேதியிலும் நல்லதும் நடந்திருந்தது, கெட்டதும் நடந்திருந்தது, அவருடைய நோட்டில் இரண்டும் இருந்தன. தாளில்தான் இடமில்லை. முதலாளி தவசிமுத்து அந்த வரிக்குக் கொடுத்த இடம் முப்பது எழுத்து, அதற்கு மேல் போனால் அச்சகத்தின் விளம்பரம் இடிக்கும். நல்லதைச் சொல்ல ‘முதன்முதலாக’ வேண்டும், ‘வெற்றிகரமாக’ வேண்டும், யார், எங்கே, எதை என்றெல்லாம் வேண்டும். அழிவைச் சொல்ல அதெல்லாம் வேண்டியதில்லை. மூழ்கியது, எரிந்தது, வீழ்ந்தது, ஒரே சொல்லில் வேலை முடிந்துவிடும், எழுதின தாளை அச்சுப் பிளேட் எடுக்கச் சிவகாசிக்கு ஏற்றிவிடுகிற சாயங்காலம் நாலு மணி பஸ்ஸைப் பிடித்துவிடலாம். உலகத்தின் துக்கத்தையெல்லாம் தாம் சுமப்பதாக டீக்கடையில் பேசிக்கொண்டிருந்த மனிதர், அதையெல்லாம் தேர்ந்தெடுத்தது நாலு மணி பஸ்ஸுக்காகத்தான். மகளிடம், சாப்பாடு காரமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார்.

ஏப்ரல் இருபத்தாறு வந்தபோது ஊர் அவரைக் கேட்கவே இல்லை. அந்தத் தாளில் செர்னோபில் அணு உலை வெடித்தது என்று இருந்தது. பட்டாசும் தீப்பெட்டியும் செய்கிற ஊர், வெடித்தது என்றால் என்னவென்று அதற்குத் தெரியும், எந்தெந்த வீட்டில் யார் யார் போனார்கள் என்பதும் தெரியும். அன்று காலை நானூறு வீட்டில் ஒரு வீட்டில்கூடத் தாளைக் கிழிக்கவில்லை. ஏப்ரல் இருபத்தைந்து இரண்டு நாள் ஓடியது, பத்திரிகையைக் கவிழ்த்து வைத்தார்கள், பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் பழைய தேதியே இருந்தது, எல்லாரும் நேற்றுச் சாப்பிட்டதையே மறுபடி சமைத்தார்கள். மறுநாள் இரண்டு தாளையும் சேர்த்துப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டு கிழித்தார்கள். கிழிக்காவிட்டால் வராது என்பது அப்படித்தான் தெரிந்தது.

இந்த நேரத்தில்தான் முத்துநகைக்குச் சாத்தூரிலிருந்து வரன் வந்தது. இருபத்தொன்பது வயது, இதற்கு முன் இரண்டு இடம் பேசி, ஒன்று ஜாதகத்திலும் ஒன்று நிச்சயம் பண்ணிய பிறகும் தட்டிப்போயிருந்தது. இரண்டாவது தடவை அவள் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. இதுவும் தட்டிப்போனால் இனி எனக்கு யாரையும் பார்க்காதீர்கள், தபாலாபீஸே போதும் என்று சொல்லியிருந்தாள், அவள் சொன்னால் சொன்னதுதான். மாப்பிள்ளை கனகவேல் மின்வாரியத்தில் வயர்மேன், தகப்பனார் வெயிலுமுத்து காராச்சேவுக் கடை வைத்திருப்பவர், கட்டைக் குரல், கறார்ப் பேர்வழி. நாள் குறிக்க உட்கார்ந்தபோது ஜோசியர் வைகாசியில் மே இருபத்தொன்பதாம் தேதியைச் சொன்னார், அதை விட்டால் கார்த்திகைதான். வெயிலுமுத்து வெற்றிலையை மடித்துக்கொண்டே திரும்பினார்.

“சம்பந்தி, அன்னைக்கு உங்க ஊருக்கு என்ன வருது?”

இரண்டடி தள்ளிச் சுவரில் காலண்டர் தொங்கியது. எழுந்து போய்த் தாளைத் தூக்கிப் பார்த்திருக்கலாம். எழுதினவனே எழுந்து போய்ப் பார்ப்பதா என்று சுயம்புலிங்கத்துக்கு ஒரு இது. கண்ணை மூடினார், விரலை மடக்கினார், இருமினார்.

“எவரெஸ்ட் மலை உச்சியில மனுசன் மொதமொதலா கால் வச்ச நாளு, சம்பந்தி. பனி வரும்.”

வெயிலுமுத்து சாத்தூரை விட்டு மதுரை தாண்டிப் போகாதவர், ஐம்பத்தெட்டு வயசு வரை பனியைப் பிரிட்ஜின் மேல்தட்டில்தான் பார்த்திருந்தார். அக்னி நட்சத்திரத்தின் வாலில் பிள்ளைக்குப் பனியில் கல்யாணம் என்றதும் அந்தக் கறார் முகம் விரிந்ததைப் பார்க்க வேண்டும். அங்கேயே பாக்கு வெற்றிலை மாற்றி, பத்திரிகையில் ‘பனிப்பொழிவு உண்டு, போர்வை கொண்டு வரவும்’ என்று போடச் சொல்லி, சாத்தூரில் தெருத் தெருவாக அழைத்துவிட்டார்.

அவர்கள் போன பிறகு, எச்சில் தட்டையெல்லாம் எடுத்த பிறகு, சுயம்புலிங்கம் சும்மா ஒரு திருப்திக்காகத் தாளைத் தூக்கிப் பார்த்தார். மே இருபத்தொன்பதின் அடியில் இருந்தது: கான்ஸ்டான்டிநோபிள் வீழ்ந்தது. கடலோரத்துப் பெரிய நகரம், ஆயிரம் வருஷம் நின்ற மதிலை உடைத்துப் படை உள்ளே புகுந்த நாள், ஆயிரத்து நானூற்று ஐம்பத்து மூன்று. எவரெஸ்டும் அதே தேதிதான், சரியாக ஐந்நூறு வருஷம் கழித்து. நோட்டில் இரண்டும் அடுத்தடுத்து இருந்ததும், எவரெஸ்ட்டுக்கு நாற்பத்திரண்டு எழுத்து வந்ததும், அதை அடித்துவிட்டு நாலு மணி பஸ்ஸுக்கு ஓடியதும் அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. 

கிழிக்காமல் விட்டால் என்ன என்று முதலில் யோசித்தார். விட்டால் மே இருபத்தெட்டு நீளும், இருபத்தெட்டு கரிநாள், பனியும் வராது. சாத்தூருக்குக் கல்யாணத்தை மாற்றலாமா என்றால், பனி பார்க்க வருகிற கூட்டத்துக்கு என்ன பதில். உண்மையைச் சொல்லிவிடலாமே என்று ஜெயக்கொடி சொன்னாள். சொல்லலாம்தான். முன்னே பேசின இடம் நிச்சயம் பண்ணிய பிறகு தட்டிப்போனதே என்று நினைத்ததும் அவளும் மேலே வற்புறுத்தவில்லை.

கடைசியில் அவருக்கு ஒரு வழி தெரிந்தது, பிழை திருத்துகிறவருக்கு வேறென்ன வழி தெரியும். முதலாளி தவசிமுத்துவின் காலில் விழாத குறையாகக் கேட்டு, எவரெஸ்ட் வரியைப் பொடி எழுத்தில் நானூறு சீட்டாக அடித்து வாங்கினார். ஜெயக்கொடி மைதா பசை காய்ச்சினாள். நாலு நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வீடு வீடாகப் போய், மே மாதத்துத் தாள்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இருபத்தொன்பதின் அடியில் சீட்டை ஒட்டினார். மகளுக்குத் தெரியக் கூடாது என்று ஊரைக் கெஞ்சிக் கேட்டுக்கொண்டார். ஊர் சத்தியம் செய்தது, ஆனால் சும்மா விடவில்லை. என்ன அண்ணாச்சி, சரித்திரத்துக்கு ஒட்டுப் போடுறீகளா என்றார்கள், என் பொண்டாட்டியைக் கட்டின தேதிக்கும் ஒரு சீட்டு ஒட்டிவிட்டுப் போங்க என்றார்கள். முதுகு ஒடியக் குனிந்து ஒட்டிக்கொண்டே அவரும் சிரித்தார். சிரிக்காவிட்டால் அழுதிருப்பார்.

மே இருபத்தொன்பது விடிந்து, முதல் வீட்டில் தாளைக் கிழித்த சத்தத்தோடு பனி வந்தது. கருவேலங்காட்டின் மேலும் ஓட்டு வீடுகளின் மேலும் பஞ்சு கொட்டுவதுபோலக் கொட்டி, பாறைநத்தத்துக்கு மேற்கே நேற்றுவரை இல்லாத ஒரு மலை, பாதி வானத்தை அடைத்துக்கொண்டு வெள்ளையாக நின்றது. சர்பத் கடைக்காரர் பனியை டம்ளரில் அமுக்கி நன்னாரி ஊற்றி விற்க ஆரம்பித்துவிட்டார். சாத்தூர்க்காரர்கள் பட்டு வேட்டிக்கு மேல் போர்வை சுற்றி மூன்று பஸ்ஸில் வந்து இறங்கினார்கள், வெயிலுமுத்து இறங்கியதும் ஒரு கை பனியை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டு குழந்தை மாதிரிச் சிரித்தார். ஊரே பார்க்கும்படி சம்பந்தியைக் கட்டிப்பிடித்தார். சுயம்புலிங்கத்துக்குப் பத்தொன்பது வருஷத்தில் முதல்தடவையாகத் தம்முடைய வரி நன்றாக வந்திருப்பதாகத் தோன்றியது. அந்தச் சந்தோஷம் எட்டேமுக்கால் வரை இருந்தது.

ஒட்டின சீட்டுக்கு அடியில் பழைய வரி அப்படியேதானே இருந்தது. எட்டேமுக்காலுக்குக் கிழக்கே மெயின் ரோட்டிலிருந்து அவர்கள் இறங்கி வந்தார்கள். ஆண்கள் கொஞ்சம், பெண்கள் நிறைய, இடுப்பில் பிள்ளைகள், தலையில் மூட்டை, சிலர் ஒரு கதவுத் தாழ்ப்பாளையோ ஒரு எண்ணெய் விளக்கையோ, ஓடுகிற அவசரத்தில் கையில் அகப்பட்டதை நெஞ்சோடு பிடித்திருந்தார்கள். உடம்பெல்லாம் புகைக் கரி. வெறுங்காலோடு பனியில் நடந்து வந்து, வெளிச்சமும் மேளமும் எங்கே இருந்ததோ அங்கே, மண்டபத்து வாசலில் வந்து நின்றார்கள். முந்நூறு பேர் இருக்கும்.

இவர்கள் யார் என்று வெயிலுமுத்து கேட்டார். மலை ஏற வந்தவர்கள் என்று சுயம்புலிங்கம் சொன்னார். கைப்பிள்ளையோடா என்று கேட்டார் வெயிலுமுத்து. சுயம்புலிங்கம் பனியைப் பார்த்தார், மேளக்காரரைப் பார்த்தார், தம்முடைய செருப்பைப் பார்த்தார். சமையல் அறுநூறு இலைக்குத்தான் என்பது வெயிலுமுத்துவுக்குத் தெரியும், அழுது வடிகிற முகத்தில் விழித்துக்கொண்டா தாலி கட்டுவது என்று அவர் பக்கத்துப் பெரியவர்கள் சொன்னதும் காதில் விழுந்தது. இரும்புக் கதவைச் சாத்தச் சொன்னார். சாத்தினார்கள். வெளியே நின்றவர்கள் தள்ளவில்லை, கூச்சல் போடவில்லை, கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்கள்.

முகூர்த்தத்துக்கு இருபது நிமிஷம் இருந்தது. மணையில் மாலையோடு உட்கார்ந்திருந்த முத்துநகை தகப்பனைக் கண்ணால் கூப்பிட்டாள். அவர் போய்க் குனிந்தார்.

“வெளிய நிக்கிறது யாருப்பா?”

அவர் அவளுடைய மாலையைச் சரிசெய்தார்.

“நீங்க எழுதுனவுகளா?”

“ஆமாம்மா.”

“அப்ப கதவத் தொறங்க. அவுகள வெளிய நிறுத்திட்டு நான் கழுத்த நீட்ட மாட்டேன்.”

அவள் சத்தம் போட்டுச் சொல்லவில்லை, ஆனால் மைக் பக்கத்தில் இருந்தது. மண்டபம் முழுக்கக் கேட்டுவிட்டது. மேளம் தானாக நின்றது. சாத்தூர்க்காரர்கள் எழுந்து நின்றார்கள், போர்வையை உதறிச் சுற்றிக்கொண்டார்கள், மூன்று பஸ்ஸும் வாசலில்தான் நின்றன.  சுயம்புலிங்கம் மணையருகே நின்றபடி வாசலைப் பார்த்தார். பத்தொன்பது வருஷமாக எத்தனை நகரத்தை ஒரு சொல்லில் முடித்திருப்பார், முடித்துவிட்டு அடுத்த தேதிக்குப் போயிருப்பார், வீழ்ந்த பிறகு அந்த ஊர்க்காரன் மறுவேளைச் சாப்பாட்டுக்கு எங்கே போனான் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. இதோ, இங்கேதான் வந்திருக்கிறான். அவர் படியிறங்கி வந்து வெயிலுமுத்துவின் முன்னால் கையைக் கூப்பினார்.

“சம்பந்தி, எவரெஸ்ட்டு நான் ஒட்டுனது. வெளிய நிக்கிறதுதான் நான் எழுதுனது. தப்பு என்னுது, எம் பிள்ளையோடது இல்ல.”

சொல்லிவிட்டு அவரே போய்க் கதவைத் திறந்தார். வெயிலுமுத்து அசையாமல் நின்றார்.  மணையிலிருந்து கனகவேல், முத்து சொல்கிறது சரிதான்ப்பா என்றான். அவன் அவள் பேரை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல்தடவை.

அவர்கள் உள்ளே வந்தார்கள். நாற்காலியில் உட்காரத் தயங்கி, கீழே விரித்திருந்த ஜமுக்காளத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். வாசலில் நின்ற ஜெயக்கொடி, பதற்றத்தில் வேறொன்றும் தோன்றாமல், கல்யாணத்துக்கு வருகிற யாருக்கும் கொடுப்பதுபோல ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் நாலு அட்சதை வைத்தாள். மஞ்சள் பூசின பச்சரிசி. அதை எதற்குக் கொடுக்கிறார்கள் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும். கையைப் பார்த்தார்கள், ஜெயக்கொடியைப் பார்த்தார்கள், வாயில் போட்டு மென்றார்கள்.

கெட்டிமேளம் கொட்டியது. கனகவேல் தாலியைக் கட்டினான். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து அட்சதை பறந்தது, பாதி மணமக்கள் தலையிலும் பாதி கீழேயும் விழுந்தது. ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவர் குனிந்து, கீழே கிடந்த அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, தாம் தின்னாமல், பக்கத்திலிருந்த குழந்தையின் வாயில் வைத்தார். மேளக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டார்கள், மேளம் இறங்கியது. வெயிலுமுத்துவும் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு போர்வையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, தோளில் கிடந்த பட்டுத் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டி, சமையல்கட்டுக்குப் போய்ச் சாத வாளியைத் தாமே தூக்கிக்கொண்டு வந்தார்.

“மொதப் பந்தி இவுகளுக்கு” என்றார். “மாப்ள வீட்டுக்காரவுக பொறவு சாப்டுக்கலாம்.”

மாப்பிள்ளை வீட்டாருக்கு முதல் பந்தி இல்லையென்றால் அந்தப் பக்கத்தில் கல்யாணமே முறிந்துபோகும், அதைக் கேட்டு வாங்கச் சண்டை போட்டிருக்கிறார்கள், தலைமுறை தலைமுறையாகப் பேசாமல் இருந்திருக்கிறார்கள். அதை மாப்பிள்ளையின் தகப்பனாரே எடுத்துக் கொடுத்துவிட்டார். பிறகு யார் என்ன பேச முடியும். சாத்தூர்க்காரர்கள் இலை போட்டார்கள், பாறைநத்தத்துக்காரர்கள் பரிமாறினார்கள், சாம்பாரில் வெந்நீர் மேல் வெந்நீராக விட்டார்கள், பாயசம் ஆளுக்கு ஒரு மடக்குத்தான். வாளி தூக்கிப் பழக்கமில்லாத சுயம்புலிங்கம் வரிசை வரிசையாகக் குனிந்து கூட்டு வைத்துக்கொண்டு போனார், எல்லா இலையிலும் அப்பளத்தின் மேலேயே வைத்தார்.

வரிசையின் கடைசியில் அந்தக் கிழவரின் பெண்சாதி மாதிரி இருந்த ஒரு அம்மா, சாப்பிட்டு முடித்துக் கையை இலையிலேயே வைத்துக்கொண்டு, மணவறையைக் காட்டி, இதெல்லாம் என்ன என்பதுபோலத் தலையை ஆட்டிக் கேட்டாள். இன்றைக்கு உலகம் முடிந்துவிட்டதே, இங்கே என்ன நடக்கிறது என்று கேட்டதாகத்தான் அவருக்குப் பட்டது. எப்படிச் சொல்வது என்று தெரியாமல், கழுத்தைச் சுற்றி முடிச்சுப் போடுவதுபோலக் காட்டினார். என் மக, என்றார். முத்துநகை, என்றார். அந்த அம்மா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, முத்துநகை என்று திருப்பிச் சொன்னாள். எழுந்து மணவறைக்குப் போனாள். போட அட்சதை இல்லை. கரி படிந்த இரண்டு கையையும் விரித்து அந்தப் பிள்ளையின் தலையில் வைத்தாள், வைத்தபடியே அழுதாள். முத்துநகை அந்தக் கையைப் பிடித்து விட்டுவிடாமல் வைத்துக்கொண்டாள்.

பொழுது சாய்ந்ததும் மலை கரைய ஆரம்பித்தது. அவர்கள் எழுந்தார்கள். வேண்டாம், இருங்கள் என்று ஊர் ஜாடை காட்டிப் பார்த்தது. இருக்க முடியாது என்பது அவர்களுக்கும் தெரிந்திருந்தது. சாத்தூர்க்காரர்கள் தங்கள் போர்வைகளையெல்லாம் அவர்கள் தோளில் போட்டார்கள். மெயின் ரோடு வரை சுயம்புலிங்கம் கூடவே நடந்தார். எங்கே போகிறார்கள் என்று அவருக்குத் தெரியும், எரிகிற அந்த நாளுக்குள்தான் திரும்பிப் போகிறார்கள், அதை நிறுத்த அவரிடம் எந்தப் பசையும் இல்லை. அந்த அம்மா பக்கத்தில் நடந்தவளிடம் ஏதோ சொல்லிக்கொண்டு போனாள். அவ்வளவு பேச்சில் அவருக்குப் புரிந்தது முத்துநகை என்ற ஒரு சொல்தான். பக்கத்தில் நடந்தவள் அதை முன்னால் போனவளிடம் சொன்னாள், அவள் இன்னொருத்தியிடம் சொன்னாள், தோளில் தூங்கி விழித்த பிள்ளையிடம் ஒருத்தி சொன்னாள். இருட்டில் ஆள் தெரியாமல் போன பிறகும் வரிசை நெடுக அந்தப் பேர் போய்க்கொண்டிருந்தது, அவர் ஒரு சொல்லில் முடித்துவிட்டிருந்த அந்த நாளுக்குள்ளே, மதில் உடைந்த ஊருக்கு, அன்றைக்கு இதுவும் நடந்தது என்று.